மாட்டு மணிக்கு என்ன விலை போடுவது?

போன மாதம் கௌதமி போன் செய்தாள். ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் அஞ்சலகத்தில் நான் விட்டுவந்த போஸ்ட் மாஸ்டர் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். படவேட்டுப் பெண். வேலையில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி.

"மேடம், உங்க பேருக்கு வெளிநாட்டுப் பார்சல் ஒண்ணு வந்துருக்கு. சுங்க வரி போட்டுருக்காங்க. கட்டிட்டு எடுத்துக்குறீங்களா?"

தொகையையும் சொன்னாள். விஷயம் இதுதான்: மலை ஏறி இறங்கிய என் முழங்கால்கள், ஓய்வு பெற்றதும் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டன. செல்போனில் ஒரு விளம்பரம் வந்தது. ஏதோ ஒரு தேசத்து அம்மாள் முழங்காலில் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் துள்ளித் துள்ளி ஏறினாள். பாதி விலை என்று வேறு போட்டிருந்தார்கள். ஆசை யாரை விட்டது, அழுத்திவிட்டேன்.

"பகல் கொள்ளையா இருக்கே கௌதமி! ஒரு துணிப் பட்டைக்கு இவ்ளோ வரியா? எவன் போட்டது?"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "மேடம், இந்தக் கேள்விக்கு நீங்க சொல்ற பதில் எனக்கு மனப்பாடம். 'வரி போட்டது நான் இல்லீங்க, வாங்கிக் குடுக்குறதுதான் என் வேலை. கட்டினா பொருள் உங்களது, கட்டலன்னா வந்த வழியே போய்டும்.' சரியா மேடம்?"

சரிதான். என் வார்த்தையை எனக்கே திருப்பிப் பரிமாறினாள்.

"அப்போ மறுத்துட்டாங்கன்னு எழுதித் திருப்பி அனுப்பிடட்டுமா?"

"வெச்சிரு. நேர்ல வந்து சொல்றேன்" என்றேன்.

"வர்றப்போ அந்த மாட்டு மணி கதைய எழுதி எடுத்துனு வாங்க மேடம். புதுசா வந்தவங்களுக்கு நான் சொன்னா நம்ப மாட்டேன்றாங்க."

அதனால் எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் அவர்கள் பாடு.

நான் பிறந்தது ஒடுகத்தூர். வேர்க்கடலை வியாபாரி மகள். தேர்வு எழுதி, பயிற்சிக்குப் போய், முத்திரையை எப்படிப் பிடிப்பது, அரக்கை எப்படி உருக்குவது என்று கற்றுக்கொண்டு, நாலைந்து ஊர் சுற்றி, கடைசியில் மலைமேல் இருந்த சின்ன அஞ்சலகத்துக்கு வந்து சேர்ந்தேன். மலைக்கு மாற்றல் என்றதும் வீட்டில் துக்கம் விசாரிக்க வந்தது போல ஆள் ஆளாக வந்துபோனார்கள். வந்து கொஞ்ச நாளிலேயே குளிர் பழகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் இறங்கவில்லை. ஒடுகத்தூர் வெயில் ஆகாது என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் இங்கே எல்லாரும் என்னைப் 'போஸ்ட்டம்மா' என்று கூப்பிடுகிறார்கள், அங்கே யாரும் கூப்பிட மாட்டார்கள்.

நான் வந்த புதிதில் வெளிநாட்டிலிருந்து மலைக்கு எதுவும் வராது. செல்போன் கோபுரம் வந்தது, கூடவே எல்லாம் வந்தது. புளியந்தோப்பில் உட்கார்ந்துகொண்டு கடல் தாண்டி இருக்கும் கடையில் சட்டை வாங்க ஆரம்பித்தார்கள் நம் பிள்ளைகள். வாங்கும்போது முகத்தில் இருக்கும் சந்தோஷம், எங்கள் கவுண்டருக்கு வரும்போது இருக்காது.

நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பார்சல் எதுவும் நேராக நம்மிடம் வராது. முதலில் சென்னையில் சுங்கத்தார் பார்ப்பார்கள். பொருளின் விலை மட்டும் அவர்களுக்குக் கணக்கில்லை. அது வந்த கூலியையும் விலையோடு சேர்ப்பார்கள். அதன்மேல் சுங்க வரி. அந்த வரிமேல் ஒரு சின்ன வரி. இவை எல்லாவற்றையும் கூட்டி, அதன்மேல் ஜிஎஸ்டி. ஆக வரிக்கும் வரி உண்டு. இதைக் கவுண்டரில் நின்று ஒருவருக்குப் புரியவைத்துவிட்டால் அன்றைக்கு எனக்கு மோர் கூடக் குடிக்கத் தோன்றாது, அவ்வளவு களைப்பு. வரியைக் கட்டினால் ரசீது கொடுத்துப் பார்சலைக் கொடுப்போம். வரி அதிகம் என்று தோன்றினால், வாங்கிய ரசீதை வைத்து மறுபடி கணக்குப் போடச் சொல்லி மனு எழுதலாம். எதுவும் வேண்டாம் என்றால் 'மறுத்துவிட்டார்' என்று எழுதி அனுப்பியவருக்கே திருப்பிவிடுவோம்.

நிஜமான பரிசுக்கு ஒரு காலத்தில் ஒரு வரம்பு வரை வரி இல்லாமல் இருந்தது. உடனே உலகத்தில் இருக்கிற கடைக்காரர்கள் எல்லாம் நமக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். எல்லாப் பார்சல் மேலேயும் 'பரிசு'. ஒரு கல்லூரிப் பையன் ஷூ வரவழைத்திருந்தான்.

"எங்க மாமா அனுப்புனாரு மேடம், பரிசா" என்றான்.

அனுப்பியவர் பெயரைப் படித்தேன். "உங்க மாமாவுக்கு இன்னாப்பா, 'அண்ட் கம்பெனி லிமிடெட்'டுன்னு பேரு வெச்சிருக்காங்க?"

வரியைக் கட்டிவிட்டு, மாமாவைத் திட்டிக்கொண்டே போனான். இந்த மாதிரி மாமாக்கள் பெருகிப் போனதால் அந்தச் சலுகையையே எடுத்துவிட்டார்கள். ராக்கிக் கயிறுக்கும் உயிர் காக்கும் மருந்துக்கும் மட்டும் விட்டுவைத்தார்கள்.

இந்த வேலையில் எனக்கு மேலே இருந்தவர் ஆய்வாளர் பக்தவத்சலம். அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அதிர்ந்து பேசமாட்டார். நாற்காலி போட்டாலும் உட்காரமாட்டார், கவுண்டரில் முழங்கையை ஊன்றி நின்றபடியே எல்லாம் பார்ப்பார். மனிதர்களை 'நீ' என்றும் பார்சல்களை 'அவர்' என்றும் சொல்லுகிற ஒரே அதிகாரி அவர்தான். "நேத்து வந்தாரே, சென்னையிலேர்ந்து, அவரு எங்க இருக்காரு? ஈரம் படாத இடத்துல வெச்சியா? எடை பாத்தியா?" என்பார். பியூன் ஒருமுறை அவர் தேடுவது யாரையென்று தெரியாமல் வாசலில் போய் நின்று ஆள் தேடியிருக்கிறான்.

அவர் வைத்த சட்டம் ஒன்று: வரும்போது ஒருதரம் எடை, கொடுக்கும்போது ஒருதரம் எடை. எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். "வழியில இளைச்சிருந்தா நமக்குத் தெரியணும் இல்ல" என்பார். நான் முதலில் சிரித்தேன். பிறகு எனக்கே அந்தப் பழக்கம் தொற்றி, இன்றைக்கும் கறிவேப்பிலையைக் கூடக் கையில் தூக்கிப் பார்த்துத்தான் பைக்குள் போடுகிறேன்.

இனி கதைக்கு வருகிறேன். பரிசுச் சலுகையை எடுப்பதற்கு முன்னால் நடந்தது இது.

செண்பகம் மலையில் உள்ளடங்கின ஒரு ஊர்க்காரி. சாமை போடுகிற குடும்பம். நாலைந்து மாடு. அவள் மகள் காவ்யாவுக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. அரசாங்கத் திட்டத்தில் ஆபரேஷன் செய்து, காதுக்கு உள்ளே ஒரு கருவி வைத்திருந்தார்கள். வெளியே காதுமேல் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர், ஒயர் முனையில் தலையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்ட வில்லை. எல்லாம் சரியாக இருந்தால் பிள்ளைக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், பேசவும் தொடங்கியிருந்தாள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த சமயம், ஒயர் அறுந்துவிட்டது.

அறுந்தது ஒயர்தான், ஆனால் பிள்ளைக்கு உலகமே நின்றுவிட்டது. புது ஒயர் இங்கே கிடைக்கத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டார்கள். நாளாக ஆக அவள் கற்ற வார்த்தைகள் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தன. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதாள். பிறகு அழுவதையும் விட்டுவிட்டாள். செண்பகத்தின் தம்பி முருகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்தான். அவன் செல்போனில் தேடி, அயர்லாந்தில் நோரா என்ற ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தான். அவளுடைய மகனுக்கும் இதே கருவிதான். தெரிந்தவர்களிடம் மிச்சமாகும் உதிரிகளை வாங்கி, வேண்டியவர்களுக்கு விற்பது அவளுக்குக் கைவேலை. சொந்தக்காரர்களிடம் எல்லாம் திரட்டி முருகன் பணம் அனுப்பினான்.

பார்சல் வந்தது. நோரா இரக்கப்பட்டு மேலே 'பரிசு' என்று எழுதி, அதே இரக்கத்தோடு உள்ளே விலை போட்ட ரசீதையும் வைத்திருந்தாள். சுங்கத்தார் விடுவார்களா? வரி வந்தது. செண்பகம் எண்ணிக் கட்டினாள். அங்கேயே பிரித்து மாட்டிப் பார்த்தாள். முனை பொருந்தவில்லை. முருகன் அனுப்பிய போட்டோவில் கருவியின் பின்பக்க எண் தெரிந்திருக்கவில்லை, அதனால் வேறு மாதிரிக்கான ஒயர் வந்துவிட்டது.

காவ்யா கவுண்டர் பலகைமேல் உள்ளங்கையை வைத்து நின்றுகொண்டிருந்தாள். நான் முத்திரை குத்தும்போதெல்லாம் பலகை அதிரும், அந்த அதிர்வு அவளுக்குப் பிடிக்கும். ஒயர் பொருந்தாதது அவளுக்குத் தெரிந்தது. அம்மா முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

முருகன் நோராவிடம் பேசினான். சரியான ஒயர் அவளிடம் ஒன்றே ஒன்று இருந்தது, வேறு ஒருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'தவறாகப் போனதைத் திருப்பி அனுப்புங்கள், கைக்கு வந்ததும் இதை அனுப்புகிறேன், ஒரு மாதம் வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்' என்றாள். மறுபடி விலை கொடுத்து வாங்க இவர்களிடம் எதுவும் மிச்சமில்லை. ஆக அந்த ஒயர் அயர்லாந்து போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும். ஏற்கெனவே கட்டிய வரியைத் திரும்பக் கேட்க ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில் போனவர்கள் யாரும் திரும்பி வந்து எனக்கு விவரம் சொன்னதில்லை என்பதால் நானும் வற்புறுத்தவில்லை.

அடுத்த நாள் செண்பகம் வந்த அதே டப்பாவை ஒட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். வாங்கித் தராசில் வைத்தேன். பக்தவத்சலம் பழக்கம். டப்பா வந்தபோது இருந்ததைவிட ஏழெட்டு மடங்கு எடை காட்டியது.

"இன்னாம்மா இது? ஒயருதானே வெச்ச?"

"ஒயருதாங்க. கூட கொஞ்சம்."

பிரித்தேன். ஒரு பாட்டில் மலைத்தேன். ஒரு உருண்டை புளி. துணியில் முடிந்த சாமை. அதற்கெல்லாம் நடுவில் எங்கோ ஒரு மூலையில் ஒயர், விருந்துக்கு வந்து இடம் கிடைக்காத ஆள் மாதிரி.

"செண்பகம், நீ பொருளைத் திருப்பி அனுப்புற. சீர்வரிசை அனுப்பல."

"அதெப்படிங்க மேடம், ஒருத்தவங்க வூட்லேர்ந்து வந்த டப்பாவ வெறுமனே திருப்பிக் குடுப்பாங்களா? கொழம்பு குடுத்தனுப்புன கிண்ணத்தயே நாங்க வெறுங்கிண்ணமாத் திருப்ப மாட்டோம். அதுவும் இது, புடிக்கலன்னு திருப்புறது. வெறுமனே அனுப்புனா சண்டைக்கு நிக்கிறாப்ல ஆய்டும்ங்க."

"அந்தம்மா அயர்லாந்துல இருக்குது. அதுக்கு உங்க கிண்ணக் கணக்கு தெரியாது."

"அதுக்குத் தெரியாட்டி இன்னாங்க, எனக்குத் தெரியுமே."

தேன் போகாது, ஒழுகும். சாமை போகாது, விதை தானியத்தை அந்த நாட்டில் துறைமுகத்திலேயே நிறுத்துவார்கள். புளியும் அப்படித்தான். ஒவ்வொன்றாக எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். அவள் முகம் சுண்டிக்கொண்டே வந்தது. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனாள். ஒயரை மட்டும் கட்டி அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் கவுண்டர் மூடும் நேரத்துக்கு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். கையில் ஒரு பித்தளை மணி. மாட்டுக் கழுத்தில் கட்டுகிற மணி. தேய்ந்து, ஓரம் மட்டும் பளபளவென்று இருந்தது.

"இது ஒழுகாது. மொளைக்காது. போகுமில்லீங்க?"

"போகும். ஆனா எதுக்கு இது?"

"ஆபரேஷன் முடிஞ்சி வூட்டுக்கு வந்தப்போ எம் பொண்ணு மொதமொதல்ல திரும்பிப் பாத்தது இந்த மணிச் சத்தத்துக்குத்தான். அந்தம்மாவுக்கும் அப்படி ஒரு புள்ள கீதுன்னு முருகன் சொன்னான்."

மணியும் போகட்டும் என்றுவிட்டேன். ஆனால் வெளிநாட்டுப் பார்சலுக்குச் சுங்க அறிவிப்பு எழுதவேண்டும், உள்ளே என்ன, எடை என்ன, விலை என்ன என்று. ஒயர் மட்டும் என்றால் 'திருப்பி அனுப்பும் சரக்கு' என்று எழுதினால் போதும், அங்கே பெரும்பாலும் வரி இருக்காது. மணியும் கூடப் போனால் அங்கே இருப்பவர்கள் பிரித்துப் பார்ப்பார்கள். பழைய பித்தளை மணி, இந்தியாவிலிருந்து, என்ன ஏது என்று யோசிப்பார்கள். வரி போட்டாலும் போடுவார்கள்.

"சரி, மணி விலை இன்னா?"

"அதுக்கு ஏதுங்க வெல? எங்க லட்சுமி கழுத்துல இருந்தது."

"வெல போடாம கம்ப்யூட்டர் விடாதும்மா."

"அப்ப நீங்களே போடுங்க."

பக்தவத்சலம் சாருக்குப் போன் போட்டேன். முழுக் கதையையும் கேட்டார். மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார் என்று போனில் கூட எனக்குத் தெரியும்.

"ஒயர் திரும்பிப் போறவரு. மணி விருந்துக்குப் போறவரு. ரெண்டு பேரும் ஒரே டப்பாவுல போகக் கூடாதுன்னு விதி இருக்கா?"

"இல்லீங்க சார்."

"அப்போ தனித்தனியா எழுது. இவரு திரும்பும் சரக்கு, அவரு பரிசு. பித்தளைக்கு இன்னா வெல போவுதோ அத்தப் போடு. நம்ம ஆளுங்க எழுதுற பரிசு மாதிரி இல்லாம, ஒருதரமாவது நெசத்த எழுதுன மாதிரி இருக்கட்டும். ஆனா அங்க வரி போட்டா அந்தம்மா தலையில விழும், கட்டமாட்டேன்னு சொன்னா எல்லாம் திரும்பி வந்துடும், இத்த நல்லா புரிய வெச்சிடு." போனை வைக்கப் போனவர் மறுபடி சொன்னார்: "அவரு நாக்க கட்டி அனுப்பு. வழியெல்லாம் கத்திக்கினு போனா சந்தேகப்படுவாங்க."

செண்பகத்துக்கு எல்லாம் எடுத்துச் சொன்னேன். வரி வரலாம், நோரா மறுக்கலாம், மறுத்தால் ஒயர் இல்லை, பிள்ளைக்குக் காது இல்லை என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். மணியை முந்தானையால் ஒருதரம் துடைத்தாள். பிறகு கவுண்டர்மேல் வைத்தாள்.

"அனுப்புங்க" என்றாள்.

இதை எழுதும்போதும் அவளைத் தலையில் குட்டவேண்டும் போலத்தான் இருக்கிறது. ஒரு ஒயருக்காகச் சொந்தம் முழுக்கக் கையேந்தியவள், அந்த ஒயரையே ஒரு மரியாதைக்காகப் பணயம் வைக்கிறாள்! மலைக்காரர்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு காரியம் செய்யமாட்டார்கள். மணியின் நாக்கைப் பஞ்சு சுற்றித் துணியால் இறுகக் கட்டினேன். டப்பாவை ஒட்டி, எடை போட்டு, அனுப்பினேன்.

அதன்பிறகு தினமும் பார்சல் எங்கே இருக்கிறது என்று கணினியில் பார்ப்பது எனக்கு வேலையாகிவிட்டது. சென்னை தாண்டியது. அயர்லாந்து போய்ச் சேர்ந்தது. அங்கே சுங்கத்தில் நின்றது. நின்றதென்றால் அப்படி ஒரு நிற்றல். பிறகு ஒரு நாள் 'வரி செலுத்தக் காத்திருக்கிறது' என்று வந்தது. பயந்தது நடந்துவிட்டது.

என் வாழ்க்கையில் எத்தனை பேர் 'வேணாம்மா, திருப்பி அனுப்பிடு' என்று சொல்லியிருப்பார்கள்! 'மறுத்துவிட்டார்' என்று எழுதிப் பையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். அப்போதெல்லாம் அந்தப் பக்கம் ஒருத்தி கணினியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போது அயர்லாந்தில் ஏதோ ஒரு கவுண்டரில் என்னை மாதிரியே ஒருத்தர், 'வரி போட்டது நான் இல்லீங்க' என்று நோராவிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் நல்லபடியாகச் சொல்லவேண்டுமே என்று இங்கே நான் வேண்டிக்கொண்டிருந்தேன். முருகன் நோராவுக்குச் செய்தி அனுப்பிப் பார்த்தான், பதில் இல்லை.

செண்பகம் சந்தைக்கு வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பாள். எதுவும் கேட்கமாட்டாள். காவ்யா கவுண்டரில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள், நான் தேவையே இல்லாமல் ரெண்டு முத்திரை குத்துவேன். ஒரு நாள் போகும்போது செண்பகம் வாசலில் நின்று, "நான் தப்பு பண்ணிட்டனாங்க மேடம்?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. "இன்னும் திரும்பி வரலியே" என்று மட்டும் சொன்னேன்.

நோரா சொன்ன ஒரு மாதம் முடிந்தது. அதன்பிறகு கணினியைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது. திறந்தால் 'ஒப்படைக்கப்பட்டது' என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. பியூனைக் கூப்பிட்டு அவனையும் படிக்கச் சொன்னேன்.

கொஞ்ச நாளில் நோராவின் பார்சல் வந்தது. அதற்கும் நம் சுங்கத்தார் வரி போட்டிருந்தார்கள். முதல் தரம் விலைக்கு வந்தது, மேலே 'பரிசு' என்று எழுதியிருந்தது. இந்தத் தரம் ஒயருக்குப் பதில் ஒயர், கூடவே நோரா பின்னிய ஒரு கம்பளிக் குல்லா, அது நிஜப் பரிசு. இதையும் அவர்கள் நம்பவில்லை. பாவம், அந்த மாமாக்களை எல்லாம் பார்த்தவர்கள், எப்படி நம்புவார்கள்?

தயங்கித் தயங்கிச் செண்பகத்திடம் தொகையைச் சொன்னேன்.

"கட்டிடறேங்க. அந்தம்மாவும் கட்டுச்சில்ல" என்றாள்.

குல்லாவோடு ஒரு கடிதம் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை நான்தான் படித்துச் சொன்னேன். நோராவின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் இருந்ததால் செய்திகளைப் பார்க்கவில்லையாம். அஞ்சலகம் போனால், ஒயர் விலையைவிட வரி அதிகமாக இருந்ததாம். அவளிடமும் பணம் தாராளமாக இல்லை. வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டாளாம். சரியென்று கவுண்டர்க்காரர் பார்சலை எடுத்து மறுபக்கம் வைத்தபோது, உள்ளே மணி அடித்ததாம். சுங்கத்தில் பிரித்துப் பார்த்தவர்கள், நான் கட்டிய நாக்கைத் திரும்பக் கட்டாமல் விட்டிருக்கிறார்கள். கூட வந்த அவள் மகன்தான் முதலில் திரும்பியிருக்கிறான். 'அம்மா, அந்தப் பெட்டிக்குள் என்னமோ கூப்பிடுகிறது' என்றானாம். அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லையாம். மணி இப்போது அவர்கள் வீட்டுக் கதவில் தொங்குகிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் அவன்தான் அடிக்கிறான்.

படித்து முடித்ததும் நான் மூக்கைச் சிந்தினேன். ஜலதோஷம் என்று பியூனிடம் சொன்னேன்.

செண்பகம் புது ஒயரை மாட்டினாள். இந்தத் தரம் முனை சத்தமில்லாமல் உட்கார்ந்தது. வில்லையைத் தலையில் ஒட்டவைத்தாள். காவ்யா வழக்கம்போலக் கவுண்டர்மேல் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் முத்திரையை எடுத்து, ஒரு வெற்றுத்தாளில் குத்தினேன்.

பிள்ளை கையைப் பலகையிலிருந்து வெடுக்கென்று எடுத்துக் காதைத் தொட்டாள். பிறகு சிரித்தாள். "இன்னொண்ணு" என்றாள்.

எத்தனை குத்தினேன் என்று தெரியாது. அரசாங்க மையை அப்படி வீணடித்ததற்குப் பக்தவத்சலம் சார் என்னைக் கேட்டிருக்கலாம். நான் அவரிடம் சொன்னபோது, "அவரு நல்லபடியாப் போய்ச் சேர்ந்தாரா?" என்று மணியைப் பற்றி மட்டும் கேட்டார்.

அவ்வளவுதான் கதை. இதுவரை எழுதியதை மடித்து எடுத்துக்கொண்டு, முழங்காலைத் தடவிக்கொண்டே கௌதமியிடம் போனேன். என் பார்சலைக் கவுண்டரில் எடுத்து வைத்தாள். பொல்லாத சிரிப்பு வேறு.

"சொல்லுங்க மேடம். மறுக்குறீங்களா, கட்டுறீங்களா?"

பார்சலைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை.

இருந்தாலும் கட்டினேன்.